முகம் அறியாதவர் தந்த சிறுநீரகம், பதினான்காம் மாதத்து நிராகரிப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

லண்டனில் ஒரு சிறுநீரக மாற்றுப் பிரிவில் தாதியாக வேலை செய்கிறேன். மாற்றுச் சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்பவர்களையும், அது முடிந்து வீடு போனவர்களையும் பார்ப்பது என் பொறுப்பு. சிறுநீரகம் கொடுக்க வருபவர்களைப் பார்க்கும் குழு வேறு. அது வேண்டுமென்றே செய்த பிரிப்பு. ஒரே ஆள் இரண்டு பக்கத்தையும் பார்த்தால், நோயாளியின் அவசரம் கொடுப்பவரின் தலையில் விழுந்துவிடும். அதனால் கொடுத்தவரைப் பற்றிக் கீழே வருபவை எல்லாம், பல வருடம் கழித்து இருவரும் சம்மதித்துச் சந்தித்த பிறகு அவர் வாயாலேயே கேட்டவை. இதை எழுத இருவரும் அனுமதி தந்திருக்கிறார்கள். பெயர், ஊர், ஆஸ்பத்திரி எதுவும் இதில் இல்லை. அடையாளம் காட்டக்கூடிய சின்ன விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

பெற்றவரின் பின்னணி

1990களில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெண். 2013-இல் அவருக்கு வயது 47. சிறுநீரகத்தின் வடிகட்டிகளைத் தாக்கும் ஐஜிஏ நோய் அவருக்கு இருந்தது. பல வருடம் அது வெளியே தெரியவில்லை. தெரிந்தபோது செயற்பாட்டின் பெரும்பகுதி போய்விட்டது. 2010 முதல் கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணிநேரம் டயாலிசிஸ். பின்னேர முறை என்பதால் வீடு திரும்ப இரவு பதினொன்று ஆகும். ஒரு நாளைக்கு அரை லீற்றருக்குச் சற்று மேல்தான் தண்ணீர் குடிக்கலாம். வாழைப்பழம் கூடாது, தேங்காய்ப்பால் கூடாது, உருளைக்கிழங்கை இரண்டு தண்ணீரில் அவித்து ஊற்றிவிட்டுத்தான் சாப்பிடலாம். சொதி இல்லாத சமையலுக்குப் பழக ஒரு வருடம் பிடித்தது என்று சொல்லியிருக்கிறார்.

குடும்பத்தில் கொடுக்க ஆள் இல்லை. கணவருக்கு நீரிழிவு. கனடாவில் இருக்கும் தம்பிக்கு ஏ வகை இரத்தம், இவருக்கு பி வகை. 19 வயது மகள் தானே கொடுப்பதாகச் சொன்னாள். தாய் அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை, மகளுக்கு இரத்தப் பரிசோதனை செய்யவும் சம்மதிக்கவில்லை.

பிரித்தானியாவில் பி வகை இரத்தம் உள்ளவர்கள் பத்தில் ஒருவர் அளவுதான். எங்கள் மக்களிடையே அந்த வகை அதைவிட அதிகம். ஆனால் எங்கள் மக்களிலிருந்து உறுப்புக் கொடுப்பவர்கள் குறைவு. ஆகவே இந்த வகைக்காரர்களின் காத்திருப்பு நீளும். இரண்டு பிள்ளைப்பேறும் இடையில் ஏற்றிய இரத்தமும் இவர் உடலில் பிறர் திசுக்களுக்கு எதிரான சில எதிர்ப்பொருட்களை உண்டாக்கியிருந்தன. பொருத்தம் கிடைப்பதை அது இன்னும் கடினமாக்கியது.

கொடுத்தவரின் பின்னணி

அறுபது வயது, ஓய்வுபெற்ற தபால்காரர், ஆங்கிலேயர். முப்பது வருடம் நடந்தே கடிதம் கொடுத்த மனிதர், நல்ல ஆரோக்கியம். இளவயதிலிருந்து இரத்தம் கொடுத்து வந்தவர். அப்படி இரத்தம் கொடுக்கப் போன ஒரு நாளில், தெரியாத ஒருவருக்குச் சிறுநீரகமும் கொடுக்கலாம் என்று அறிந்தார். இங்கே அதற்குச் சட்டம் இடம் கொடுத்தது 2006 செப்டெம்பரில்தான். அதற்கு முன் இருந்த 1989-ஆம் ஆண்டுச் சட்டம், துருக்கியிலிருந்து ஏழைகளை லண்டனுக்கு அழைத்து வந்து சிறுநீரகம் வாங்கிய விவகாரம் வெடித்த பிறகு அவசரமாகக் கொண்டுவரப்பட்டது. விற்பனையைத் தடுத்த அந்தச் சட்டத்தின் கீழ், அன்னியருக்குக் கொடுக்கும் வழி நடைமுறையில் அடைபட்டே கிடந்தது.

அவருக்கு நடந்த பரிசோதனைகள் ஏழு மாதம் நீண்டன. சிறுநீரகங்களின் வடிகட்டும் திறனை ஊசி மருந்து செலுத்தி அளந்தார்கள், இரத்தக் குழாய்களை சி.டி.யில் பார்த்தார்கள், 24 மணிநேர இரத்த அழுத்தம் எடுத்தார்கள், சர்க்கரையைப் பார்த்தார்கள், இருதயத்தைப் பார்த்தார்கள். மனநல நிபுணரும் பேசினார். அதன் பிறகு, எந்தக் குழுவையும் சேராத ஒரு மதிப்பீட்டாளர் தனியே நேர்காணல் செய்தார். பணம் கைமாறவில்லை, யாரும் வற்புறுத்தவில்லை, செய்வது என்னவென்று அவருக்குத் தெரியும் என்று அவர் அறிக்கை தந்தார். கடைசியில், உறுப்புக் கொடைகளுக்கு அனுமதி தரும் அரச அமைப்பான மனித இழைய ஆணையத்தின் மூவர் குழு அனுமதித்தது. பயணச் செலவு, வேலைக்குப் போக முடியாத நாட்களின் சம்பள இழப்பு போன்ற, கொடுப்பதால் நேரும் செலவுகளை மட்டும் ஈடுசெய்யலாம். அதற்கு மேல் ஒரு பவுண் தந்தாலும் குற்றம்.

அவருடைய மனைவி முதலில் விரும்பவில்லை. நாளை நம் மகனுக்குத் தேவைப்பட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி, எந்தக் குழுவும் இதைக் கேட்டே ஆக வேண்டும். மனைவி தன் சம்மதத்தோடு வரும்வரை அந்தக் குழு இரண்டு மாதம் பொறுத்திருந்தது. சட்டப்படி அவர் சம்மதம் தேவையில்லை. ஆனால் வயிற்றில் தையலோடு வீட்டுக்கு வரும் மனிதரை ஆறு கிழமை பார்க்கப் போவது அவர்தான். அந்தப் பொறுமையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆபத்துகளையும் எண்ணில் சொல்லியிருந்தார்கள். கொடுப்பவர் சத்திரசிகிச்சையில் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 3,000-இல் ஒன்று. அமெரிக்காவில் 80,000-க்கு மேற்பட்ட கொடையாளிகளைப் பார்த்து 2010-இல் வெளிவந்த ஆய்வும் 10,000-க்கு 3.1 என்றது. பின்னாளில் தன் சிறுநீரகமே செயலிழக்கும் ஆபத்து பற்றிய நல்ல கணக்கு 2014-இல்தான் வந்தது. அதே அளவு ஆரோக்கியமாக இருந்தும் கொடுக்காதவர்களில் வாழ்நாளில் 10,000-க்கு 14 பேர், கொடுத்தவர்களில் 90 பேர். குறைந்த எண்தான், ஆனால் பூச்சியம் இல்லை. அதை அவருக்குப் பிறகு கடிதம் மூலம் தெரிவித்தார்கள்.

2013 ஓகஸ்ட்: இரண்டு நாள் மறுப்பு

பட்டியலில் பொருந்தியவர் எங்கள் நோயாளி என்று தகவல் வந்தது. நான்தான் தொலைபேசியில் சொன்னேன். அழுவார், சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன். அவர் வேண்டாம் என்றார்.

“தங்கச்சி, ஆரோ தெரியாத மனுசன் எனக்கு ஏன் தரவேணும்? அவருக்கு என்ன கஷ்டமோ, என்ன கடனோ?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. பிறகு விசாரித்தபோது கதை விளங்கியது. அவருடைய உறவினர் ஒருவர் வெகு காலத்துக்கு முன் சென்னையில் காசு கொடுத்துச் சிறுநீரகம் வைத்துக்கொண்டவர். கொடுத்த பெண்ணை ஆஸ்பத்திரி வாசலில் ஒருமுறை இவர் பார்த்திருக்கிறார். அந்தப் பெண்ணின் முகம் மனதை விட்டுப் போகவில்லை. இந்த மனிதரும் அப்படி யாரோவாக இருந்தால் அந்தப் பாவம் தன் பிள்ளைகளுக்கு வரும் என்பது அவர் எண்ணம்.

அந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்க முடியாது. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைத் தேடிப்பிடித்து விசாரித்த ஆய்வு ஒன்று 2002-இல் வெளிவந்தது. 96 சதவீதம் பேர் கடன் அடைக்கவே விற்றிருந்தார்கள். சராசரியாக ஆறு வருடம் கழித்தும் முக்கால்வாசிப் பேர் கடனிலேயே இருந்தார்கள். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 86 சதவீதம் பேர் உடல்நலம் கெட்டுவிட்டதாகச் சொன்னார்கள். வாசலில் பார்த்த பெண்ணைப் பற்றி இவர் ஊகித்தது அந்த ஆய்வில் எண்ணாக இருக்கிறது.

இங்கே நடைமுறை வேறு என்பதை அடுத்த நாள் நேரில் உட்கார்ந்து விளக்கினேன். சுயாதீன மதிப்பீட்டாளர், மூவர் குழு, பணத்துக்குத் தடை எல்லாம் சொன்னேன். கொடுப்பவர் கடைசி நிமிடத்தில் மயக்க மருந்துக்கு முன்கூட மனம் மாறலாம், காரணம் சொல்லத் தேவையில்லை என்பதையும் சொன்னேன். அதுதான் அவரைத் தொட்டது. “அப்ப அந்த மனுசன் தன்ரை விருப்பத்திலைதான் வாறார்?” என்று இரண்டு முறை கேட்டார். மூன்றாம் நாள் சரி என்றார்.

சம்மதம் பெற்ற விதம்

அதற்கு முன் மூன்று வருடமாக எங்கள் கிளினிக்கில் இவருக்கு மொழிபெயர்த்தது மகள். அது வசதியாக இருந்தது, மகள் கெட்டிக்காரி, வைத்தியர்களுக்கும் பிடித்திருந்தது. இந்த முறை நான் தொழில்முறை மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்கி, மகளை வெளியே இருக்கச் சொன்னேன். உள்ளே வைத்தியர் ‘நிராகரிப்பு’ என்ற சொல்லைச் சொன்னதும் நோயாளி திடுக்கிட்டார். வைத்த சிறுநீரகத்தை உடம்பே எதிர்க்கலாம் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. “அவள் ஒருநாளும் இப்பிடிச் சொல்லேல்லை.” மருந்துகளால் கிருமித் தொற்றும், சில வகைப் புற்றுநோய்களும் வரும் வாய்ப்புக் கூடும் என்பதும் அவருக்குப் புதிது. தாய் பயப்படக்கூடாது என்று அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் வடிகட்டியிருந்தாள். 16 வயதில் தாயிடம் ‘புற்றுநோய்’ என்று மொழிபெயர்க்க வைத்தது எங்கள் பிழை, அவளுடையது இல்லை.

அந்த ஒரு சந்திப்புக்கு மட்டும்தான் மொழிபெயர்ப்பாளர் வந்தார். அதன் பிறகு மறுபடி மகளே வந்தாள், சில நேரம் நான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

செப்டெம்பர் 2013: சத்திரசிகிச்சை

காலையில் வேறொரு ஊரின் ஆஸ்பத்திரியில் சிறு துளைகள் வழியாகக் கொடுத்தவருடைய இடது சிறுநீரகத்தை எடுத்தார்கள். பனிக்கட்டிப் பெட்டியில் அது சாலை வழியாக வந்தது. பின்னேரம் இவருடைய வலது அடிவயிற்றில், இடுப்புக்கு மேலே வைத்து, காலுக்குப் போகும் இரத்தக் குழாய்களோடு தைத்தார்கள். பழைய இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கும், எடுப்பதில்லை. சனங்கள் பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். இரத்தம் ஓடத் தொடங்கியவுடன், மேசையிலேயே சிறுநீர் வந்தது. சிறுநீரகம் வடிகட்டாவிட்டால் இரத்தத்தில் ஏறும் கழிவான கிரியாட்டினின் (லீற்றருக்கு மைக்ரோமோல் கணக்கில்) 780-இல் இருந்தது, எட்டாம் நாள் 112-க்கு இறங்கியது.

புதிய சிறுநீரகத்தை உடம்பு எதிர்க்காமல் தடுக்க டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசலோன் என்று மூன்று மருந்துகள். முதல் இரண்டையும் காலை பத்து, இரவு பத்து என்று பன்னிரண்டு மணிநேர இடைவெளியில் எடுக்க வேண்டும். தொடக்கத்தில் கிழமைக்கு மூன்று முறை கிளினிக், பிறகு மெல்ல மெல்ல இடைவெளி கூடும். நாள் ஒன்றுக்கு இரண்டு, இரண்டரை லீற்றர் தண்ணீர் குடிக்கச் சொல்வோம். மூன்று வருடம் பனிக்கட்டியை நக்கித் தாகம் தீர்த்தவருக்கு அது முதல் கிழமையில் பயமாகவே இருந்தது.

மூன்றாம் மாதம் சர்க்கரை ஏறியது. மாற்றுக்குப் பின் வரும் நீரிழிவு எங்கள் மக்களிடம் அதிகம், இந்த மருந்துகளே அதற்குத் தூண்டுதல். முகம் வீங்கியது, கை நடுங்கியது, தலைமுடி கொட்டியது. எல்லாம் எதிர்பார்த்தவை, துண்டுப்பிரசுரத்தில் இருப்பவை. அந்தப் பிரசுரத்தில் ‘கிரேப் புரூட் சாப்பிடக்கூடாது’ என்று இருந்தது. எங்கள் ஆட்கள் அதை வாங்குவதே இல்லை. அதன் சொந்தக்காரப் பழமான பம்பளிமாசும் டாக்ரோலிமஸை இரத்தத்தில் ஏற்றிவிடும் என்று அதில் இல்லை.

பார்த்தும் பிடிபடாத அறிகுறி

ஆறாம் மாதத்திலிருந்து இரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவுகள் (மில்லிலீற்றருக்கு நானோகிராம்) இப்படி இருந்தன: 8.1, 4.2, 9.6, 3.4, 7.9. அவருக்கு நாங்கள் வைத்திருந்த இலக்கு 5 முதல் 8 வரை. தனித்தனியாக எடுத்தால் எந்த எண்ணும் அபாயமணி அடிக்கும் எண் இல்லை. குறைந்தபோது ஒரு இளம் வைத்தியர் குளிசையின் அளவைக் கூட்டினார், ஏறியபோது இன்னொருவர் குறைத்தார். ஒருமுறை வயிற்றோட்டம் என்று காரணம் எழுதினார்கள். இரத்தம் எடுத்த நேரம் பிழையாக இருக்கும் என்று நானே ஒருமுறை குறித்திருக்கிறேன். ஐந்து எண்களையும் ஒரே வரியில் வைத்து யாரும் பார்க்கவில்லை. ஒருவரிடத்தில் இந்த அளவு இப்படி ஏறி இறங்குவதே சிறுநீரகம் கெடப் போவதற்கான அடையாளம் என்று அப்போதே ஆய்வுகள் சொல்லத் தொடங்கியிருந்தன.

கிளினிக்கில் கேட்போம், “குளிசை ஒழுங்காக எடுக்கிறீர்களா?” ஓம் என்பார். மகளும் ஓம் என்பாள். பதிவேட்டில் ‘ஒழுங்காக எடுக்கிறார்’ என்று எழுதிவிடுவோம்.

நவம்பர் 2014: நிராகரிப்பு

வழக்கமான இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 187. முந்தைய மாதம் 115. டாக்ரோலிமஸ் 2-க்கும் கீழே. அவருக்கு வலி இல்லை, காய்ச்சல் இல்லை, சிறுநீர் வழமைபோல் போனது. நிராகரிப்பு பெரும்பாலும் இப்படித்தான் சத்தமில்லாமல் வரும். அன்றே வார்ட்டில் சேர்த்து, சிறுநீரகத்தின் சிறு துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயோப்சி செய்தோம். வெள்ளையணுக்கள் சிறுநீரகத்தின் குழாய்களுக்குள் நுழைந்து தாக்கியிருந்தன. கொடுத்தவரின் திசுவுக்கு எதிரான எதிர்ப்பொருள் இன்னும் உருவாகவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். மூன்று நாள் உயர் அளவில் ஸ்டீராய்டு ஊசி ஏற்றினோம். சர்க்கரை எகிறியதால் சில கிழமைகள் இன்சுலினும் தேவைப்பட்டது. கிரியாட்டினின் 141-க்கு வந்து நின்றது. அதற்குக் கீழே பிறகு ஒருபோதும் வரவில்லை.

ஊசி ஏறிக்கொண்டிருந்த இரண்டாம் நாள் இரவு

மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். என் வேலை முடிந்துவிட்டது, கோட்டைப் போட்டுக்கொண்டு சும்மா போய்க் கட்டிலருகே இருந்தேன். “அக்கா, என்ன நடந்தது?” என்று கேட்டேன். குளிசை எடுத்தீர்களா என்று அன்றைக்குக் கேட்கவில்லை. அதனால்தானோ என்னவோ அவர் பேசினார்.

அந்த வருடம் கந்தசட்டி ஒக்டோபர் கடைசியில் வந்தது. ஆறு நாளும் பகலில் தண்ணீர்கூட இல்லாமல், இரவில் ஒரு தம்ளர் பாலும் ஒரு பழமும் மட்டும் எடுத்து விரதம் இருந்திருக்கிறார். வெறும் வயிற்றில் குளிசை எடுத்தால் பிரட்டும் என்பதால் காலைக் குளிசைகளை ஆறு நாளும் விட்டுவிட்டார். கடைசி இரண்டு நாள் இரவுக் குளிசையும் இல்லை.

ஏன் என்று கேட்டேன்.

“அந்த மனுசனுக்கு நான் என்னத்தைக் குடுக்கேலும் தங்கச்சி? பேர் தெரியாது, ஊர் தெரியாது. காசு குடுக்கேலாது எண்டு நீங்களே சொன்னியள். அதுதான் அவர் ஒரு வருத்தமும் இல்லாமல் நல்லா இருக்கவேணும் எண்டு முருகனுக்கு நேர்ந்து பிடிச்சனான்.”

கொடுத்தவரின் நலனுக்காக இருந்த விரதம், அவர் கொடுத்ததையே காயப்படுத்தியது. எத்தனையோ வருடம் கழித்து இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அந்தப் பெண்ணிடம் அலட்சியம் என்பது துளியும் இருக்கவில்லை.

விரதம் ஆறு நாள்தான். அதற்கு முன்னிருந்தே ஏறி இறங்கிய அளவுகளுக்குக் காரணம் வேறு. சத்திரசிகிச்சையைப் பற்றி அவர் ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. பித்தப்பையில் கல் என்று சொல்லியிருந்தார்கள். “பிள்ளைக்குக் கலியாணம் பேசேக்கை, தாய்க்குக் கிட்னி வருத்தம், பரம்பரையிலை இருக்கும் எண்டு சனம் கதைக்கும்.” கலியாண வீடு, கோயில், பிறந்தநாள் எங்கு போனாலும் இரவு பத்து மணிக்கு ஆட்கள் முன்னால் குளிசைப் பெட்டியைத் திறக்க முடியாது. வீடு வந்து பன்னிரண்டரைக்கு எடுப்பார், சில நாள் அசதியில் நித்திரையாகிவிடுவார். கிளினிக்குக்கு முந்திய மூன்று நாள் மட்டும் கடிகாரம் பார்த்து எடுப்பார். நாங்கள் கூட்டிய அளவை ஒழுங்காக எடுத்த நாட்களில் கை நடுங்கும், அதனால் அடுத்த நாள் பயந்து ஒன்றை விடுவார். எங்கள் பதிவேட்டில் இருந்த ஐந்து எண்களின் முழுக் கதையும் இதுதான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

டாக்ரோலிமஸை நாளுக்கு ஒரு தடவை, காலையில் எடுக்கும் வகைக்கு மாற்றினோம். கண்டிப்பதால் பயன் இல்லை என்று வைத்தியரிடம் வாதாடினேன். இரவு பத்து மணிதான் பிரச்சினை என்றால் அந்த நேரத்தையே எடுத்துவிடலாம். மைக்கோபினோலேட் இரண்டு தடவைதான், ஆனால் அதை இரவுச் சாப்பாட்டோடு எட்டு மணிக்கு வீட்டிலேயே முடிக்கும்படி நகர்த்தினோம்.

அவர் சம்மதத்தோடு கோயில் ஐயரோடு நானும் பேசினேன். நோயாளிக்கும் மருந்து எடுப்பவருக்கும் விரதத்தில் விலக்கு உண்டு, சாப்பிட்டுவிட்டு வந்து கவசம் படித்தால் போதும் என்று அவர் நேரடியாகச் சொன்னார். நான் நூறு முறை சொன்னாலும் ஏறாதது, ஐயர் ஒரு முறை சொன்னதில் ஏறியது. இதற்கு முன் நாங்கள் நோயாளிகளுக்குக் கொடுத்த பிரசுரங்களில் ரமழான் நோன்பு பற்றி ஒரு பக்கம் இருந்தது, மற்ற விரதங்கள் பற்றி ஒரு வரியும் இல்லை.

கலியாணப் பேச்சு பற்றி நாங்கள் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஐஜிஏ நோய் பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை என்று வைத்தியர் குடும்பத்துக்கு விளக்கினார். அதைக் கேட்டு மகள், தானே எல்லோருக்கும் சொல்லப்போவதாகச் சொன்னாள். தாய்க்கு விருப்பமில்லை, இரண்டு பேரும் ஒரு மாதம் கதைக்கவில்லை என்று பிறகு அறிந்தேன். கடைசியில் பெரியம்மா குடும்பத்துக்கு மட்டும் சொன்னார்கள். அதுவே வீட்டுக்கு வெளியே குளிசை எடுக்க ஒரு இடத்தைத் தந்தது.

கடிதம்

பெற்றவர் விரும்பினால் பெயர் சொல்லாமல் ஒருங்கிணைப்பாளர்கள் மூலம் நன்றிக் கடிதம் அனுப்பலாம். இதை அவருக்கு முதல் மாதமே சொல்லியிருந்தோம், ஆங்கிலக் கடதாசியும் கொடுத்திருந்தோம். பதினான்கு மாதமாக அது அலுமாரியில் இருந்தது. ஆங்கிலம் எழுத வராது. மகளைக் கொண்டு எழுதுவித்தால் அது மகளின் கடிதமாகிவிடும் என்று நினைத்தார். தமிழில் எழுதுங்கள், நான் மொழிபெயர்க்கிறேன் என்றேன். நான்கு பக்கம் எழுதினார். விரதத்தைப் பற்றியும் எழுதினார், அதனால் வந்ததைப் பற்றியும் மறைக்காமல் எழுதினார். அதை அனுப்பலாமா, கொடுத்தவருக்கு அது பாரமாகுமா என்று எங்களுக்குள் விவாதம் நடந்தது. அவர் பக்கத்து ஒருங்கிணைப்பாளர் அவரையே கேட்டார்: கடிதத்தில் கொஞ்சம் கவலையான செய்தியும் இருக்கிறது, வேண்டுமா? வேண்டும் என்றார்.

பதில் அரைப்பக்கம். தயவுசெய்து சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள், எனக்காகச் செய்ய விரும்பினால் அதைச் செய்யுங்கள் என்று இருந்தது. கீழே இன்னொரு வரியும் இருந்தது. சிறுநீரகம் இன்னும் வேலை செய்கிறதா இல்லையா என்று தனக்கு இத்தனை நாளும் தெரியாது, கேட்பது முறையோ என்று கேட்காமல் இருந்துவிட்டாராம்.

அந்த வரி எங்களை உலுக்கியது. சத்திரசிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் ‘வேலை செய்யத் தொடங்கிவிட்டது’ என்று சொன்னதோடு அவருக்குச் செய்தி நின்றுவிட்டது. ஆறு கிழமையில் அவர் தோட்ட வேலைக்குத் திரும்பிவிட்டார், உடம்பு நன்றாக இருந்தது. ஆனால் மூன்றாம் மாத வாக்கில் காரணமில்லாமல் மனம் சோர்ந்து கிடந்ததாகப் பின்னாளில் சொன்னார். ஒரு வருடமாக எல்லோரும் அவரைப் பரிசோதித்தார்கள், தொலைபேசியில் அழைத்தார்கள், பிறகு ஒரே நாளில் எல்லாம் ஓய்ந்துபோனது. மனைவி கவனித்து மருத்துவரிடம் அழைத்துப் போயிருக்கிறார்.

இருவரும் சம்மதித்து 2016-இல் ஆஸ்பத்திரிக்கு வெளியே சந்தித்தார்கள். அக்கா பயத்தம் பணியாரம் சுட்டுக் கொண்டுபோனார். நான் மொழிபெயர்த்தேன், அதிகம் மொழிபெயர்க்க இருக்கவில்லை. கொடுத்தவர் கேட்ட முதல் கேள்வி, இப்போது வாழைப்பழம் சாப்பிடலாமா என்பது. டயாலிசிஸ் சாப்பாடு பற்றி எங்கோ வாசித்திருந்தார்.

அதன் பின்

உயிருள்ளவர் கொடுத்த சிறுநீரகம் சராசரியாக 20 முதல் 25 வருடம் வேலை செய்யும் என்று இங்கே சொல்வோம். நிராகரிப்பு ஒருமுறை வந்தால் அந்தக் கணக்கு சுருங்கும். இவருக்கு 2014-க்குப் பிறகு இரண்டாவது நிராகரிப்பு வரவில்லை. 2020 மார்ச்சில் தொடங்கி மாதக்கணக்கில் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மாற்றுச் சிறுநீரகக்காரர்கள் எல்லோரும் கொவிட் ஆபத்து அதிகமுள்ளோர் பட்டியலில் இருந்தார்கள். 2022-இல் கொவிட் வந்தபோது மைக்கோபினோலேட்டைச் சில நாள் நிறுத்தி, மறுபடி தொடங்கினோம். நீரிழிவு குளிசையில் கட்டுப்படுகிறது. பத்தாம் வருடப் பரிசோதனையில் கிரியாட்டினின் 154.

கொடுத்தவருக்கு இப்போது எழுபது. 66 வயதில் இரத்த அழுத்தத்துக்குக் குளிசை தொடங்கினார்கள். எஞ்சிய ஒரு சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது. வருடம் ஒருமுறை இரத்தமும் சிறுநீரும் பார்க்கிறார்கள், வாழ்நாள் முழுக்கப் பார்ப்பார்கள்.

இன்று இதே நிலை வந்தால்

சில மாற்றங்கள் ஏற்கனவே நடந்துவிட்டன. 2018 முதல், முகமறியாதவருக்குக் கொடுக்க வரும் ஒருவருடைய சிறுநீரகத்தை வழமையாக ஒரு சங்கிலியின் தொடக்கமாக வைக்கிறார்கள். பொருந்தாத உறவினரைக் கொண்ட நோயாளிக்கு அது போகும், அந்த உறவினருடையது இன்னொருவருக்குப் போகும், கடைசிச் சிறுநீரகம் பட்டியலில் காத்திருப்பவருக்கு வரும். ஒரு கொடையால் இரண்டு மூன்று பேர் டயாலிசிஸிலிருந்து வெளியே வருகிறார்கள். இவர்போலக் கொடுக்க ஆளில்லாதவர்கள் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நிற்பார்கள்.

எங்கள் பிரிவில் நாங்கள் மாற்றியவை சிறியவை. முதல் கிளினிக்கிலிருந்தே தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் வருகிறார். பிள்ளைகள் கூட வரலாம், மொழிபெயர்க்கக் கூடாது. டாக்ரோலிமஸ் அளவுகளை ஒன்றொன்றாகப் பார்க்காமல் கடைசி ஆறையும் கோடாக வரைந்து பார்க்கிறோம், ஏறி இறங்கினால் அளவை மாற்றும் முன் வீட்டு நிலைமையை விசாரிக்கிறோம். ‘ஒழுங்காக எடுக்கிறீர்களா’ என்ற கேள்வியை நான் விட்டுவிட்டேன். ‘எந்த நேரத்துக் குளிசை எடுக்கக் கஷ்டமாக இருக்கிறது’ என்று கேட்கிறேன். பதில் வருகிறது.

இன்னொரு கேள்வியும் சேர்த்திருக்கிறேன், இது எந்தப் படிவத்திலும் இல்லை. அன்னியரிடமிருந்து பெறப்போகிறவரிடம் சத்திரசிகிச்சைக்கு முன்பே, “இதைத் தந்தவருக்கு நீங்கள் என்ன செய்ய நினைக்கிறீர்கள்?” என்று கேட்கிறேன். எங்கள் ஆட்கள் யாரும் ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னதில்லை. அன்னதானம், மொட்டை, தேவாலயத்தில் மெழுகுதிரி, பிள்ளைக்குப் பேர் வைப்பது என்று ஏதோ ஒன்று இருக்கும். அது தெரிந்தால், மருந்தோடு மோதாத வழியை முன்கூட்டியே சேர்ந்து யோசிக்கலாம். கடிதத்தை அவரவர் மொழியில் முதல் மூன்று மாதத்துக்குள் எழுத உதவுகிறோம். கொடுத்தவருக்கு மூன்றாம் மாதமும் முதல் வருட முடிவிலும், அவர் விரும்பினால், சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும்படி மற்றக் குழுவோடு பேசி வைத்திருக்கிறோம். கெட்ட செய்தியானாலும் சொல்வதா என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. சொல்ல வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

அக்காவின் மகளுக்கு இப்போது 29 வயது. கலியாணமாகி, ஒரு பிள்ளைக்குத் தாய். போன கிளினிக்கில் தாய் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கப் போன நேரம் பார்த்து என்னிடம் வந்து, அம்மாவின் சிறுநீரகம் நிற்கும் காலம் வந்தால் தன்னுடையதைப் பரிசோதிக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். அம்மாவுக்குத் தெரியுமா என்றேன். தெரியாது என்றாள். கொடுப்பவர்களைப் பார்க்கும் குழுவின் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் தாயும் மகளும் மொழிபெயர்ப்பாளரோடு ஒன்றாக உட்காரும்படி ஒரு மணிநேரம் ஒதுக்கியிருக்கிறேன்.